புல்லுக்குப் போன ஆறு

பாலைவன நகரமான லாஸ் வேகாஸ் தன் புல்வெளிகளைச் சட்டம் போட்டுப் பிடுங்கி எறிகிறது. அங்கே புல்லோடு சேர்ந்து ஒரு பழைய எண்ணமும் வேரோடு போகிறது.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் ஒருவர் அரை மணி நேரம் ஷவரில் நின்று குளித்தாலும் தண்ணீர் வாரியம் பெரிதாகக் கவலைப்படாது. அதே நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்னால், யாரும் கால் வைக்காத புல்வெளி ஒன்று 2027 ஜனவரி 1-க்குப் பிறகும் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் அது சட்டவிரோதம்.

குளியலுக்கு இல்லாத தடை புல்லுக்கு ஏன்? வீட்டுக்குள் புழங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். குளித்தது, பாத்திரம் கழுவியது, கழிவறையில் ஊற்றியது, மாபெரும் சூதாட்ட விடுதிகளின் ஆயிரக்கணக்கான அறைகளில் புழங்கியது என எல்லாமே சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர்கிறது. சுத்தமானதும் ‘லாஸ் வேகாஸ் வாஷ்’ என்ற ஓடையில் இறங்கி, அது எடுக்கப்பட்ட, கொலராடோ ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பி வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக இன்னொரு லிட்டரை ஏரியிலிருந்து எடுத்துக்கொள்ள அந்த நகரத்துக்கு உரிமை உண்டு. ஆகவே வீட்டுக்குள் எவ்வளவு புழங்கினாலும் கணக்கில் நட்டம் இல்லை. தோட்டத்தில் தெளித்த தண்ணீர் மட்டும் வெயிலில் ஆவியாகி வானத்துக்குப் போய்விடும். அது திரும்பாது.

நாம் இதுவரை தண்ணீர்ச் சிக்கனம் என்று பேசியதெல்லாம் பெரும்பாலும் ‘பல் துலக்கும்போது குழாயை மூடு’ என்ற அளவில்தான் இருந்திருக்கிறது. தனிமனிதரின் ஒழுக்கமாகவே அதைப் பார்த்தோம். லாஸ் வேகாஸ் அதைக் கணக்காகப் பார்த்தது. எந்தத் தண்ணீர் திரும்பும், எது திரும்பாது என்று பிரித்துக்கொண்டு, திரும்பாத தண்ணீரின் மீது மட்டும் விதிகளை எழுதியது. கடந்த கால் நூற்றாண்டில் உலகில் எழுதப்பட்ட தண்ணீர் விதிகளில் மிகவும் தெளிவானது இதுதான் என்பேன்.

ஐயாயிரம் பேருக்குக் கிடைத்த பங்கு

1905-ல் ஒரு ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டபோது பிறந்த ஊர் லாஸ் வேகாஸ். பாலைவனத்தின் நடுவே இயற்கையாக ஊற்றெடுத்த நீர்தான் ரயிலையும் மக்களையும் அங்கே இழுத்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, நிலத்தடி நீர் இறங்கியது, 1962-ல் அந்த ஊற்றுகள் வற்றியே போயின. அதன்பின் நகரத்தின் உயிர் கொலராடோ ஆற்றைச் சார்ந்ததாகிவிட்டது. இன்றும் அதன் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது.

அந்த ஆற்றை மாநிலங்கள் பங்கு பிரித்தது 1920-களில். 1928-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் கலிபோர்னியாவுக்கு நம் அளவில் ஆண்டுக்குச் சுமார் 190 டி.எம்.சி. என்றும், அரிசோனாவுக்குச் சுமார் 122 டி.எம்.சி. என்றும் கணக்கு வைத்தார்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்கு வெறும் 13 டி.எம்.சி. அன்று அதை அநியாயமாக யாரும் நினைத்திருக்க முடியாது. 1930 கணக்கெடுப்பில் லாஸ் வேகாஸின் மக்கள்தொகை 5,165 பேர். இன்று அந்த நகரம் அமைந்துள்ள கிளார்க் கவுன்டியில் 23 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பங்கு மட்டும் மாறவில்லை. தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி சென்னைக்கு வரவேண்டிய கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பதை நினைத்துக்கொண்டால் இந்த 13 டி.எம்.சி.யின் அளவு புரியும்.

அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊரில் ஒரு புயல் மழை ஒரே இரவில் கொட்டிவிடும் அளவு. கோடையில் வெப்பம் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 2024 ஜூலையில் அது 48.9 டிகிரியைத் தொட்டது.

இப்படிப்பட்ட மண்ணில்தான் மழை வளம் மிக்க கிழக்கு மாநிலங்களிலிருந்தும் நடுமேற்கிலிருந்தும் குடியேறியவர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு முன்னால் பச்சைப் புல்வெளி, அதை வெட்ட ஓர் இயந்திரம், நனைக்கச் சுழலும் தெளிப்பான். வீட்டுக்கு மட்டுமா? சாலை நடுத்திட்டு, ரவுண்டானா, மருத்துவமனை வாசல், கார் நிறுத்துமிடத்தின் ஓரம், அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டிய இரண்டு முழ அகல நிலம் என்று எல்லா இடத்திலும் புல்.

அந்தப் புல் எவ்வளவு குடிக்கிறது? தெற்கு நெவாடா நீர் ஆணையம் 1990-களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள், உண்மையான வீட்டுத் தோட்டங்களில் தனி மீட்டர் பொருத்தி அளந்து பார்த்தது. ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்கு 73 காலன், அதாவது சுமார் 276 லிட்டர். அதே இடத்தில் வறட்சி தாங்கும் செடிகளை வைத்துச் சொட்டு நீர் விட்டால் 17 காலன், சுமார் 65 லிட்டர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

நம் கணக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலம் முழுக்கப் புல் வளர்த்தால் அங்கே ஆண்டுக்கு 6,60,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 55 லோடு. மழையாகக் கொட்டினால் கிட்டத்தட்ட பத்து அடி உயரத்துக்கு நிற்கவேண்டிய தண்ணீர் அது. வானம் தருவதோ நான்கு அங்குலம்.

முதலில் காசு, பிறகு கட்டளை

ஏழு உள்ளூர் தண்ணீர், கழிவுநீர் அமைப்புகள் தங்களுக்குள் போட்டியிடுவதை நிறுத்திவிட்டு 1991-ல் ஒன்றாகச் சேர்ந்து உருவாக்கியதுதான் அந்த நீர் ஆணையம். அதை வழிநடத்திய பாட்ரிசியா மல்ராய் அமெரிக்கத் தண்ணீர் அரசியலில் பலரும் அஞ்சிய, மதித்த நிர்வாகி. அவருடைய காலத்தில், 1999-ல், ஆணையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் புல்லைப் பிடுங்குங்கள், சதுர அடிக் கணக்கில் பணம் தருகிறோம் என்றது. தொடக்கத்தில் அது ஒரு டாலரைக்கூட எட்டாத தொகை. பிறகு படிப்படியாக ஏறி 3 டாலருக்கு வந்தது, அதற்கு மேலும் போனது.

இந்தத் திட்டத்தின் சிறு எழுத்து நிபந்தனைகளைத்தான் நான் மிகவும் ரசித்துப் படித்தேன். மனிதர்களின் குணத்தை நன்றாக அறிந்தவர்கள் எழுதிய விதிகள் அவை. புல்லை எடுப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வாளர் வந்து, அங்கே உயிருள்ள புல் இருக்கிறதா என்று பார்ப்பார். காய்ந்துபோன மைதானத்தைக் காட்டிப் பணம் வாங்க முடியாது. புல்லை எடுத்துவிட்டுச் சரளைக் கல்லைக் கொட்டி மூடிவிடவும் முடியாது. நடும் செடிகள் முழு வளர்ச்சி அடையும்போது அந்த நிலத்தில் பாதியையாவது இலை மூடியிருக்க வேண்டும். தண்ணீர் சொட்டு முறையில்தான் போக வேண்டும். மேற்பரப்பு மழைநீரை உள்ளே விட வேண்டும், சிமென்ட் போட்டு அடைக்கக் கூடாது. இவற்றோடு, மீண்டும் அங்கே புல் வளர்ப்பதில்லை என்று பத்திரத்தோடு சேரும் உறுதிமொழியும் உண்டு. வீட்டை விற்றாலும் வாங்கியவரையும் அது கட்டும்.

காசு கொடுத்த கை 2003-ல் கட்டளையும் போட்டது. கொலராடோ படுகையில் கடும் வறட்சி. 2002-ல் நெவாடா தன் 13 டி.எம்.சி. பங்கைத் தாண்டி 14 டி.எம்.சி.க்கு மேல் எடுத்திருந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளின் முன்புறத்தில் புல்லே கூடாது, பின்புறத்தில் பாதி நிலத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. எந்த வீடு எந்தக் கிழமையில் செடிக்குத் தண்ணீர் விடலாம் என்று அட்டவணை வந்தது. குளிர்காலத்தில் வாரம் ஒரு நாள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூன்று நாள். கோடையில் பகல் 11 மணி முதல் மாலை 7 மணி வரை தெளிப்பானைத் திறக்கவே கூடாது. தெருவில் தண்ணீர் வழிந்தோடினால் ஆணையத்தின் ரோந்துக்காரர் வீடியோ எடுப்பார். முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், மீண்டும் மீண்டும் தவறினால் அபராதம் இரட்டிப்பு.

விளைவு தெளிவாகத் தெரிந்தது. 20 கோடி சதுர அடிக்கு மேல் புல் அகற்றப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 4,600 ஏக்கர். 2002-க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புதிதாகக் குடியேறியிருக்கிறார்கள். ஆனால் நெவாடா ஆற்றிலிருந்து எடுக்கும் நிகர அளவு 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 10 டி.எம்.சி.க்குக் கீழேதான் இருந்தது. மக்கள் பெருகினால் தண்ணீர்த் தேவையும் பெருகும் என்று எல்லா நகரத் திட்டங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோமே, அந்த வரியை இந்த நகரம் பொய்யாக்கியிருக்கிறது.

எது பயனற்ற புல்?

இதற்கிடையில் மீட் ஏரி இறங்கிக்கொண்டே போனது. மேட்டூர் அணையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் கொள்ளளவு உடைய நீர்த்தேக்கம் அது. 2000-ல் ஏறக்குறைய நிறைந்திருந்தது, 2022 கோடைக்குள் 170 அடிக்கு மேல் கீழே போயிற்று. சுற்றியுள்ள பாறைகளில் வெள்ளை வளையம் தெரிந்தது. ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் எடுத்த முதல் குழாய் வாய் காற்றில் தெரிந்தது. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதன்முறையாக அந்த ஆற்றில் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் கையெழுத்திட்ட ஏ.பி. 356 என்ற சட்டம்தான், நான் முதலில் சொன்ன 2027 தடையைக் கொண்டுவந்தது. வணிக வளாகங்கள், அலுவலகங்கள், சாலையோரங்கள், குடியிருப்போர் சங்கங்களின் பொது இடங்கள் ஆகியவற்றில் உள்ள ‘பயனற்ற புல்’லுக்குக் கொலராடோ தண்ணீரை விடக் கூடாது. தனி வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இதனால் மிச்சமாகும் தண்ணீர் மாநிலத்தின் பங்கில் பத்தில் ஒரு பகுதி இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

பயனற்றது எது என்று முடிவு செய்வதில்தான் சிக்கலே. ஆணையம் நீர் பயன்படுத்துவோர், கட்டட உரிமையாளர்கள், தோட்டத் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஆகியோரைக் கூட்டி உட்காரவைத்துப் பேசி இலக்கணம் வகுத்தது. குழந்தைகள் விளையாடும் புல், விளையாட்டுத் திடல், பூங்கா, நாயை அழைத்துச் செல்லும் இடம் ஆகியவை பயனுள்ளவை. வேகமாக வண்டி போகும் சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள துண்டு நிலமும், சரிவான மேட்டில் உள்ள புல்லும் அலங்காரம் மட்டுமே. மனிதர் கால் படுகிறதா இல்லையா என்பதே அளவுகோல். புல்லின் மீது பகையில்லை என்பதை இந்த இலக்கணமே சொல்லிவிடுகிறது. ஒரு பாலைவன நகரத்தின் ஏழைக் குழந்தைக்கு ஓடி விளையாடப் பச்சை நிலம் வேண்டும். சூப்பர் மார்க்கெட் வாசலில் அது வேண்டியதில்லை.

மெஸ்கீட்டும் நம் சீமைக்கருவேலமும்

சரி, புல் போன இடத்தில் என்ன வந்தது? இங்கேதான் எனக்கு லாஸ் வேகாஸ் விதிகள் மீது ஒரு குறை உண்டு. அவை தண்ணீரை அளந்தன, மண்ணின் செடியா என்று கேட்கவில்லை. வறட்சி தாங்கினால் போதும் என்பதால் டெக்ஸாஸ், மெக்சிகோ, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடிகளும் தோட்டங்களை நிறைத்தன. தண்ணீர் மிச்சமானது உண்மை. ஆனால் மொஹாவி பாலைவனத்தின் பறவையும் தேனீயும் அந்தச் செடிகளை எல்லாம் அறியா.

உள்ளூர்ச் செடிகளை நட்ட இடங்களில் வேறொரு காட்சி. பாலை வில்லோவின் இளஞ்சிவப்புப் பூக்களுக்குத் தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவைகள் வரும். கிரியோசோட் புதர் மழை தொட்டதும் மணம் வீசும். அங்கே மண்ணின் மரம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது மெஸ்கீட். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான தெற்குப் பையூட் மக்கள் அதன் காய்களை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டார்கள். அதில் ஒட்டி வளரும் புல்லுருவியின் பழத்தை நம்பியே ஃபைனோபெப்லா என்ற கருநிறப் பறவை குளிர்காலத்தைக் கழிக்கிறது. வேரோ தண்ணீரைத் தேடி ஆழம் ஆழமாக இறங்கும்.

இந்த விவரங்களைக் கேட்கும்போதே ராமநாதபுரத்துக்காரருக்கு ஏதோ நினைவு வரும். நம் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இந்த மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. அங்கே பறவைக்கும் பூர்வகுடிக்கும் சோறு போட்ட குலம், இங்கே நீதிமன்றம் அகற்றச் சொல்லும் ஆக்கிரமிப்பாளர். மரத்தின் மீது குற்றம் இல்லை. தன்னை மேய்ந்தும் அரித்தும் அடக்கி வைத்த உயிர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தனியாக வந்தது அது. நாட்டு மரம் வேண்டும் என்று சொல்வது ஊர்ப்பற்று மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு மரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மண்ணின் செடிக்காக எழுதிய விதிக்கு மேரிலாந்து மாநிலம் நல்ல முன்மாதிரி. அங்கே கொலம்பியா என்ற ஊரில் ஒரு தம்பதி தங்கள் வீட்டு முன்புறத்தில் புல்லுக்குப் பதிலாக உள்ளூர்ப் பூச்செடிகளை வளர்த்தார்கள். குடியிருப்போர் சங்கம் அதை எடுத்துவிட்டுப் புல் வைக்கச் சொன்னது. தம்பதி வழக்காடினார்கள். கடைசியில் சமரசம் ஆனது, தோட்டம் பெரும்பாலும் தப்பியது. அதன் தொடர்ச்சியாக 2021-ல் மாநிலச் சட்டமன்றமே, மண்ணின் செடிகளையும் மழைத் தோட்டங்களையும் எந்தச் சங்கமும் தடுக்கக் கூடாது, புல் மட்டுமே வளர்க்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. இந்தச் சட்டம் அரசுக்குப் பைசா செலவு வைக்கவில்லை. புல்லைக் கட்டாயமாக்கிய பழைய விதி ஒன்றை உடைத்தது, அவ்வளவுதான். பல ஊர்களில் புது விதி எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இதுவே.

மரங்கள் கேட்கும் கேள்வி

லாஸ் வேகாஸில் இன்று சூடாக நடக்கும் விவாதம் மரங்களைப் பற்றியது. புல்வெளி நடுவே பல பத்தாண்டுகளாக நின்ற நிழல் மரங்கள் புல்லுக்குத் தெளித்த நீரைத்தான் குடித்து வளர்ந்தன. தெளிப்பானை மூடிவிட்டுப் புதுச் செடிகளுக்கு மட்டும் சொட்டுக்குழாய் போட்ட இடங்களில் மரங்கள் வாடின, பட்டுப்போயின. கோபம் கொண்ட குடியிருப்புவாசிகள் கேள்வி எழுப்புகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 48 டிகிரி வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்கு நிழல் ஆடம்பரம் அல்ல, உயிர். சரளைக் கல் வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழும்.

இதற்கு விடை புல்லைத் திரும்பக் கொண்டுவருவது அல்ல. மரத்தின் இலைப்பரப்பு விரிந்திருக்கும் அளவுக்கு வளையமாகத் தனிச் சொட்டுக்குழாய் போட்டு, புல்லை எடுக்கும் முன்பே மரத்தை அந்தத் தண்ணீருக்குப் பழக்க வேண்டும். ஆணையமும் இப்போது மரம் நட்டால் கூடுதல் தொகை தருகிறது. அகற்றும் புல்லுக்குச் சதுர அடிக் கணக்கு வைத்ததைப் போல, காப்பாற்றிய மரத்துக்கும் முதல் நாளிலிருந்தே கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கொலராடோ ஆற்றில் மனிதர்கள் பயன்படுத்தும் தண்ணீரில் பெரும்பகுதி விவசாயத்துக்குத்தான் போகிறது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம் ஒன்றுக்கே உள்ள உரிமை சுமார் 135 டி.எம்.சி. நெவாடா முழுவதன் பங்கைப் போல் பத்து மடங்கு. அங்கே மாட்டுத் தீவனப் பயிரான குதிரைமசால் பெருமளவில் விளைகிறது. நகரத்து ரவுண்டானாவில் புல்லைப் பிடுங்கி ஆற்றைக் காப்பாற்றிவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஆனால் சிறிய பங்குக்காரர் தன் பங்கைச் சுருக்கிக்கொண்டு பேச்சுவார்த்தை மேசைக்கு வரும்போது அவர் சொல்லுக்கு வரும் எடை வேறு.

நம் ஊரில் இதே கதையின் பாதி நடந்திருக்கிறது. லாஸ் வேகாஸ் முன்வாசல் புல்லைத் தடை செய்த அதே 2003-ல்தான், வறட்சியில் தவித்த தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தண்ணீரை உள்ளே கொண்டுவரும் விதி அது, நல்ல விதி. வெளியே போகும் தண்ணீருக்கு நம்மிடம் அப்படி ஒரு விதி இல்லை. நர்சரியில் கொரியன் கிராஸ் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. கோடையில் குடிப்பதற்கே டேங்கர் வாங்கும் கேட்டட் கம்யூனிட்டிகளில் காலையில் தெளிப்பான் சுழல்கிறது. எந்தத் தோட்டம் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, சுத்திகரித்த கழிவுநீரா, நிலத்தடி நீரா, லாரித் தண்ணீரா என்று அளந்து பார்க்கும் மீட்டர்கூடப் பெரும்பாலான வளாகங்களில் கிடையாது. அந்த மீட்டரைப் பொருத்துவதற்குச் சட்டமன்றம் வரை போக வேண்டியதில்லை. ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் போதும்.

கொலராடோ படுகையில் பற்றாக்குறைக் காலத்தில் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று 2007-ல் வகுத்த வழிமுறைகள் 2026 இறுதியோடு காலாவதியாகின்றன. லாஸ் வேகாஸின் பயனற்ற புல்லுக்குக் கொலராடோ தண்ணீர் நிற்பது அதற்கு அடுத்த நாள், 2027 ஜனவரி 1. ஏழு மாநிலங்கள் இந்த ஆற்றை மீண்டும் பங்கு பிரிப்பதற்கான பேச்சில், அந்தத் தேதிக்குள் எத்தனை ஏக்கர் புல்லை எடுத்துவிட்டோம் என்ற கணக்கை நெவாடாவின் பிரதிநிதிகள் மேசை மீது வைப்பார்கள்.